சென்னையில் நடைபாதைகள் ஏன் நிலைப்பதில்லை?

2014ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை மாநகராட்சி மோட்டார் சாராப் போக்குவரத்துக்கான கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. நடப்போரையும் மிதிவண்டியில் செல்வோரையும் முன்னிறுத்தி இந்திய நகரம் ஒன்று வகுத்துக்கொண்ட முதல் கொள்கை என்று அது அப்போது பாராட்டப்பட்டது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை இவ்விரு தரப்பினருக்கான வசதிகளுக்கு ஒதுக்குவது, 2018ஆம் ஆண்டுக்குள் குறைந்தது 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை அமைப்பது, நகரத்தின் பயணங்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் நடையிலும் மிதிவண்டியிலும் நிகழச் செய்வது, நடப்போர் சாலையில் உயிரிழக்கும் நிலையை முற்றிலும் ஒழிப்பது என்று அதன் இலக்குகள் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. அந்த ஆண்டு கடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய நடைபாதைகள் நிறையவே கட்டப்பட்டன. ஆயினும் வடபழனியிலோ பெரம்பூரிலோ வேளச்சேரியிலோ பேருந்திலிருந்து இறங்கி அரை கிலோமீட்டர் நடக்க வேண்டியவர், இன்றும் பெரும்பாலும் தார்ச்சாலையின் ஓரத்தில், பின்னால் வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டியபடிதான் நடக்கிறார்.

கொள்கை இருந்தது, பணமும் ஓரளவுக்கு வந்தது, கட்டவும் செய்தார்கள் என்றால் தடை எங்கே இருக்கிறது? நடைபாதையை ஒருமுறை கட்டிமுடித்துக் கணக்கு முடிக்கும் பொருளாக நமது நிர்வாக அமைப்பு பார்க்கிறதே தவிர, நாள்தோறும் மக்களைச் சுமக்கும் போக்குவரத்து வழியாகப் பார்ப்பதில்லை என்பதே என் முடிவு. பேருந்துத் தடத்துக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் பொறுப்பு. மெட்ரோ ரயிலுக்கு அதற்கென ஒரு நிறுவனம் பொறுப்பு. நடைபாதையின் ஒரு கல் பெயர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டால், எந்தச் சாலை, எந்தத் துறை, எதற்காகத் தோண்டியது என்று மூன்று கேள்விகள் திரும்ப வரும்.

முதலில், நடப்போர் யார், எத்தனை பேர் என்பதைப் பார்த்துவிடுவோம். 2008ஆம் ஆண்டு வாக்கில் சென்னைப் பெருநகரப் பகுதிக்காக மேற்கொள்ளப்பட்ட விரிவான போக்குவரத்து ஆய்வின்படி, அன்றாடப் பயணங்களில் 28 விழுக்காடு முழுக்க நடந்தே மேற்கொள்ளப்பட்டவை. பேருந்தின் பங்கு 26 விழுக்காடு, இருசக்கர வாகனங்களின் பங்கு 25 விழுக்காடு. காரின் பங்கு 6 விழுக்காடு மட்டுமே. நாடு முழுவதற்குமான 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எப்படிச் செல்கிறீர்கள் என்ற கேள்வி கேட்கப்பட்டபோதும், நடந்து செல்வோர் காரில் செல்வோரைவிடப் பல மடங்கு அதிகம் என்றே தெரியவந்தது. இந்தக் கணக்குகளும் நடையைக் குறைத்தே காட்டுகின்றன. வீட்டிலிருந்து நிறுத்தம் வரையிலும், இறங்கிய இடத்திலிருந்து அலுவலகம் வரையிலும் நடப்பவரின் பயணம் ‘பேருந்துப் பயணம்’ என்றுதான் பதிவாகும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அந்தத் திட்டம் பெண்களுக்குத் திறந்துவிட்ட ஒவ்வொரு பயணத்தின் முன்னும் பின்னும் ஒரு நடை இருக்கிறது; அந்த நடை இரவு எட்டு மணிக்கு, தெருவிளக்கின் வெளிச்சம் எட்டாத பகுதியில் எப்படி இருக்கிறது என்பது அந்தத் திட்டத்தின் வெற்றியோடு நேரடியாகத் தொடர்புடைய விஷயம்.

இனி நடைபாதையின் உடற்கூற்றுக்கு வருவோம், ஏனெனில் சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சென்னையில் நடைபாதை என்று நாம் அழைப்பது, பல தெருக்களில், மழைநீர் வடிகாலின் மூடிதான். சாலையோரம் வடிகால் கட்டப்படுகிறது; அதன்மேல் கான்கிரீட் பலகைகள் போடப்படுகின்றன; பலகைகளின்மேல் ஓடு பதித்துவிட்டால் நடைபாதை ஆயிற்று. இடம் குறைவான நகரத்தில் ஒரே இடத்தை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துவது தவறில்லை. ஆனால் வடிகாலின் தேவைகள் வேறு, நடப்போரின் தேவைகள் வேறு. வடிகாலைத் தூர்வாரச் சில மீட்டருக்கு ஒரு மூடி வேண்டும். ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் அந்த மூடிகள் திறக்கப்படுகின்றன, திறந்தவை எல்லாம் பழையபடி சமமாகப் பொருந்துவதில்லை. வடிகாலின் மேல்மட்டம் நீரோட்டத்தின் சரிவைப் பொறுத்து அமைவதால், நடைபாதையின் உயரமும் அதற்கேற்ப ஏறியிறங்குகிறது. தெருவின் ஒரு முனையில் அரை அடி உயரத்தில் தொடங்கும் பாதை, மறுமுனையில் முழங்காலளவு உயர்ந்து நிற்பதை நகரின் பல பகுதிகளில் பார்க்கலாம்.

அந்த உயரம் ஏற்படுத்தும் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உயர்ந்த நடைபாதைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் வண்டி ஏறியிறங்க ஒரு சாய்தளம் வேண்டியிருக்கிறது. அந்தச் சாய்தளத்தை வீட்டுக்காரர் தமது மனைக்குள் அமைப்பதில்லை. நடைபாதையை வெட்டியோ, அதன்மேல் சிமென்ட் பூசியோ, சாலைக்குள் நீட்டியோ அமைத்துக்கொள்கிறார். இருபதடிக்கு ஒரு மனை என்றால், இருபதடிக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டிய பாதை உருவாகிறது. முழங்கால் வலியுள்ள முதியவர், கைக்குழந்தையோடு செல்லும் தாய், மூட்டை சுமப்பவர் எவரும் இதைச் செய்யமாட்டார். சமதளமாக இருக்கும் சாலையில் இறங்கிவிடுவார். சக்கர நாற்காலியில் செல்பவருக்கோ அந்தத் தேர்வே கிடையாது. ‘நடைபாதை இருந்தும் மக்கள் சாலையில்தான் நடக்கிறார்கள்’ என்று அதிகாரிகளும் வாகன ஓட்டிகளும் அடிக்கடி குறைகூறுவதைக் கேட்கிறோம். அந்தப் பாதையில் அவர்களே நூறு மீட்டர் நடந்து பார்த்தால் அந்தக் குறை எழாது என்று உறுதியாக நம்புகிறேன்.

சரியான அளவுகள் என்ன என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. இந்தியச் சாலைகள் பேராயம் நடப்போர் வசதிகளுக்கென வெளியிட்டு 2012இல் திருத்திய வழிகாட்டி, தடையில்லாமல் நடப்பதற்கான அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது; இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து செல்லத் தேவைப்படும் அகலம் அது. தலைக்கு மேல் 2.2 மீட்டர் உயரத்துக்கு எந்தத் தடையும் இருக்கக்கூடாது. சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த வழிகாட்டியில் உள்ள மிக முக்கியமான கருத்து, நடைபாதையை மூன்று பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்பது. கட்டடத்தை ஒட்டி ஒரு பட்டை, அது கடைவாசலில் நிற்பவர்களுக்கு. நடுவில் நடப்பதற்கென ஒரு பட்டை. சாலையை ஒட்டி மூன்றாவது பட்டை, அதில் மரம், விளக்குக் கம்பம், மின்வாரியப் பெட்டி, இருக்கை, தள்ளுவண்டிக் கடை எல்லாம் இடம்பெறலாம். நமது தெருக்களில் மூன்று பட்டைகளும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. இரண்டு மீட்டர் அகலமுள்ள நடைபாதை என்று கோப்பில் பதிவாகியிருக்கும். அதன் நடுவில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் எனப்படும் மின்பகிர்வுப் பெட்டி ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டிருக்கும். பெட்டிக்கும் மதிற்சுவருக்கும் இடையே மீதமிருக்கும் இடத்தில் ஓர் ஆள் உடலைத் திருப்பித்தான் நுழைய முடியும்.

தண்ணீர்க் குழாயில் ஓரிடத்தில் உடைப்பு இருந்தால், மீதியுள்ள குழாய் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் வீட்டுக்கு நீர் வந்து சேராது. நடைபாதைக்கும் அதே விதிதான். ஆனால் நாம் நடைபாதையை அளப்பது கிலோமீட்டரில். எத்தனை கிலோமீட்டர் புதிதாக அமைத்தோம் என்பது ஆண்டறிக்கையில் வரும். அந்த நீளத்தில் தடையின்றி எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பது எங்கும் வராது. ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்குவதும் பதித்த ஓட்டின் பரப்பை வைத்தே நடக்கிறது. தெருமுனையில் பாதை சாலையோடு சேரும் இடம், பேருந்து நிறுத்தத்தின் பின்புறம், மின்மாற்றியைச் சுற்றிப்போகும் வளைவு போன்ற கடினமான இடங்களில் பரப்பு குறைவு, வேலை அதிகம். அதனால் கைவிடப்படுவதும் அந்த இடங்களே.

பொறுப்பு சிதறிக்கிடப்பது இதைவிட ஆழமான காரணம். 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. அதுவரை நகராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் ஊராட்சிகளாகவும் இருந்த பகுதிகள் ஒரே நாளில் மாநகரமாயின. அவற்றில் பல, ஏரிக்கரைப் பாதையும் வண்டிப்பாதையும் அப்படியே சாலையாக மாறிய ஊர்கள். நடைபாதைக்கென இடம் விடப்பட்டதே இல்லை. பழைய நகரத்துக்குள்ளும் பேருந்து ஓடும் சாலைகளை மாநகராட்சியின் ஒரு துறை கவனிக்கிறது, உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகங்கள் கவனிக்கின்றன, அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. தரைக்கடியில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்துக்கு உரியவை. மின்கம்பிகள் மின்வாரியத்துக்கு உரியவை. கண்ணாடி இழைகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உரியவை. ஒவ்வொருவரும் தத்தம் அவசரத்துக்குச் சாலையை வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தை மூடுவதற்கான கட்டணம் மாநகராட்சிக்குச் செலுத்தப்படுகிறது; தார்ச்சாலையில் விழுந்த வெட்டு வாகனங்களைத் தடுக்கும் என்பதால் விரைவில் சரிசெய்யப்படுகிறது, நடைபாதையில் விழுந்த வெட்டு மண்மேடாக மாதக்கணக்கில் கிடக்கிறது. இவ்வளவு துறைகளில் எந்தத் துறையின் தலைமைப் பொறியாளரும், ‘உங்கள் பகுதியில் மக்களால் நடக்க முடிகிறதா?’ என்ற கேள்விக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

பெங்களூரு இந்த முடிச்சை ஒரு வகையில் அவிழ்க்க முயன்றது. டெண்டர் ஷ்யூர் என்ற பெயரில் 2010களில் ரெசிடென்சி சாலை, விட்டல் மல்லையா சாலை உள்ளிட்ட மையப்பகுதிச் சாலைகள் மறுவடிவமைக்கப்பட்டபோது, முதலில் தரைக்கடியில் எல்லாக் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் தனித்தனித் தடங்கள் போடப்பட்டு, அவற்றை எட்டுவதற்கு ஆய்வு அறைகள் கட்டப்பட்டு, அதன்பின்தான் மேலே நடைபாதை அமைக்கப்பட்டது. இதனால் மீண்டும் மீண்டும் தோண்ட வேண்டிய தேவை குறைந்தது. கிலோமீட்டருக்கு ஆகும் செலவு மிக அதிகம், நகரின் மையத்திலுள்ள வசதியான பகுதிகளுக்கே அது பயன்பட்டது என்ற விமர்சனங்கள் நியாயமானவை. ஆனாலும் நடைபாதை நீடிக்க வேண்டுமானால் அதற்குக் கீழே இருப்பது முதலில் ஒழுங்காக வேண்டும் என்ற பாடத்தை அந்தச் சாலைகள் தெளிவாகக் காட்டிவிட்டன.

சென்னையின் பெயர்பெற்ற முயற்சி தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடந்தது. சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் சர் தியாகராயா சாலையில் அமைக்கப்பட்ட நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. வாகனங்களை முழுவதும் விலக்காமல், அவற்றுக்கான தடத்தைக் குறுக்கி, சாலையின் பெரும்பகுதியை நடப்போருக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே சில நாள்கள் சாலையில் வாகனப் போக்குவரத்தை நிறுத்தி வைத்து ஒத்திகை பார்த்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சிய வணிகர்களுக்கும், போக்குவரத்து நெரிசல் பக்கத்துத் தெருக்களுக்கு வந்துவிடும் என்று அஞ்சிய குடியிருப்போருக்கும் நேரில் பார்க்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது. இன்று மாலை வேளையில் அங்கே சென்றால் முதியவர்கள் உட்கார்ந்திருப்பதையும் பிள்ளைகள் ஓடியாடுவதையும் பார்க்கலாம். இடம் கொடுத்தால் மக்கள் நடப்பார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆனால் ஒரு சாலையைக் காட்சிப்பொருளாக்குவதால் நகரம் நடக்கத் தகுந்ததாகிவிடாது. அந்த வளாகத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்ததும், பழைய தியாகராய நகர் தொடங்கிவிடுகிறது. அதே பணத்தில் இருபது சாதாரணத் தெருக்களின் முனைகளையும் நிறுத்தங்களையும் சீராக்கியிருக்கலாமே என்ற கேள்வியை நான் தவிர்க்க விரும்பவில்லை. அத்தகைய வேலைக்குத் திறப்புவிழா இருக்காது என்பது உண்மைதான்.

சாலையைக் கடப்பது, நடப்பதைவிடக் கடினமான பகுதி. பெரிய சாலைகளில் நடப்போருக்கென நம்மிடம் உள்ள வழக்கமான தீர்வு, அவர்களைச் சாலையிலிருந்து அகற்றுவது: ஒன்று சுரங்கப்பாதை, அல்லது நடைமேம்பாலம். பேருந்தும் லாரியும் அடியில் செல்ல வேண்டியிருப்பதால் நடைமேம்பாலம் ஐந்தரை மீட்டருக்கு மேல் உயர்கிறது. எதிர்ப்புறம் இருக்கும் கடைக்குப் போக இரண்டு மாடி ஏறி இரண்டு மாடி இறங்க வேண்டும். மின்தூக்கி பழுதானால் முதியவருக்கு வழியே இல்லை. எனவே மையத்தடுப்பில் எங்கேனும் ஓர் இடைவெளி தேடி ஓடுகிறார்கள். சிக்னல் உள்ள இடத்திலும் நேரம் போதுவதில்லை. பொதுவாக நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று பொறியாளர்கள் கொள்வார்கள். 24 மீட்டர் சாலையைக் கடக்க அதன்படி 20 நொடிகள் ஆகும், முதியவருக்கு 30 நொடிகள் வரை ஆகலாம். பத்துப் பன்னிரண்டு நொடிகளில் மாறிவிடும் பச்சை விளக்கு, பாதிச் சாலையில் அவரை நிறுத்திவிடுகிறது.

மேலே கட்டப்படும் எல்லாமே தவறு என்று சொல்லிவிட முடியாது. 2023 மே மாதத்தில் திறக்கப்பட்ட, 570 மீட்டர் நீளமுள்ள தியாகராய நகர் ஆகாய நடைபாதை, மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. ரயிலிலிருந்து இறங்கியவர் நிலையத்தின் நடைமேம்பாலத்துக்கு எப்படியும் ஏறியாக வேண்டும். ஏறியபின் ரங்கநாதன் தெருவின் கூட்டத்துக்குள் இறங்காமல் அப்படியே நடந்து பேருந்தை அடையலாம். பயணி ஏற்கெனவே இருக்கும் உயரத்திலிருந்து தொடங்குவதால் அது பொருந்துகிறது. தரையில் நிற்பவரை மேலே ஏறச்சொல்லும் பாலங்களுக்கு அந்த நியாயம் கிடையாது.

இந்த வடிவமைப்புக் குறைகளுக்கான விலை உயிர்கள். ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் மோதினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். 50 கிலோமீட்டரைத் தாண்டத் தாண்ட அந்த வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. ஆகவே சாலையை அகலப்படுத்தி வேகத்தைக் கூட்டும் எந்தத் திட்டமும், கடக்கும் இடத்தையும் வேகத்தடையையும் கூடவே வடிவமைக்காவிட்டால், இறப்பையும் சேர்த்தே திட்டமிடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரத்தை மீறிய சாலை வடிவமைப்பாலும் பராமரிப்பாலும் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. உயிருக்கு முன்னால் தொகை சிறிதுதான்; எனினும் விபத்துக்கு ஓட்டுநரை மட்டுமே குற்றவாளியாக்கும் பழக்கத்திலிருந்து சட்டம் ஓரடி விலகியிருக்கிறது.

நடைபாதைப் பேச்சு எழுந்தவுடன் பலருடைய விரல் நீளுவது நடைபாதைக் கடைகளை நோக்கி. பூக்காரரும் இட்லிக் கடைக்காரரும் அகற்றப்பட்டால் பாதை கிடைத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒழுங்கான வழி காட்டுகிறது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, சான்றிதழ், விற்பனைக்கான இடங்களை வரையறுத்தல், வியாபாரிகளின் பிரதிநிதிகள் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இடம்பெறும் நகர விற்பனைக் குழு. மூன்று பட்டைகளாகப் பிரிக்கப்பட்ட நடைபாதையில் சாலையோரப் பட்டை அவர்களுக்கும் இடம்தரக்கூடியது. இரவில் திறந்திருக்கும் ஒரு கடையின் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் தனியே நடந்து வரும் பெண்ணுக்கு எந்தக் கண்காணிப்புக் கேமராவையும்விடப் பெரிய துணை. நடைபாதையை உண்மையில் விழுங்கியிருப்பது நிறுத்தப்பட்ட வண்டிகள். கடைக்கு வாகன நிறுத்துமிடம் கட்ட வேண்டிய விதியை மீறிய கட்டடங்களின் வண்டிகளையும், பொதுஇடத்தை இலவசமாகப் பயன்படுத்தும் கார்களையும் விட்டுவிட்டுத் தள்ளுவண்டியை மட்டும் தூக்கிச்செல்வது, எளியவரிடம் மட்டும் சட்டத்தைக் காட்டுவதாகும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1998 முதல் 2000 வரை மேயராக இருந்த என்ரிக்கே பெனலோசா, நடைபாதையில் கார்கள் ஏறாதபடி ஆயிரக்கணக்கில் தடுப்புக் கம்பங்களை நட்டார். அதற்காக அவரைப் பதவியிலிருந்து இறக்கும் முயற்சிகூட நடந்தது, கம்பங்கள் நிலைத்தன. நைரோபி 2015இல் வகுத்த கொள்கையில், போக்குவரத்து நிதியில் ஐந்தில் ஒரு பங்கை நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவதாக உறுதியளித்தது. சென்னை எழுதிய 60 விழுக்காடு அதைவிட மும்மடங்கு பெரிது. எழுதியதை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் தனித்தலைப்பாகக் காட்டும் நடைமுறை இருந்திருந்தால், எங்கே தவறியது என்பதையாவது மக்கள் கேட்டிருக்க முடியும்.

2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று கூறி, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க நடைபாதைகளை உறுதிசெய்யுமாறு உத்தரவிட்டது. இனி நடைபாதை ஒரு சலுகை அல்ல என்பது சட்டப்படி தெளிவாகிவிட்டது. ஆனால் உரிமையைக் கேட்பதற்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டும். சாலை யாருடையதாயினும் நடைபாதைக்கு மாநகராட்சியில் ஒரே பொறுப்பதிகாரி, ஒப்பந்தத்தில் கட்டுமானத்தோடு சில ஆண்டுகளுக்கான பராமரிப்பும் சேர்ந்திருத்தல், ஓட்டின் பரப்புக்கு மாறாகத் தடையில்லா நீளத்தை அளந்து பணம் வழங்குதல் ஆகிய மூன்றும் புதிய பணத்தைக் கோருவதில்லை. இருக்கும் பணத்தைக் கேள்விக்கு உட்படுத்துகின்றன.

அதற்கான வாய்ப்பு இப்போதே நகரில் விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ 118 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காக மாதவரம் முதல் சோழிங்கநல்லூர் வரையிலும், மெரினா கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலும் சாலைகள் தடுப்புகளால் மறைக்கப்பட்டன. நடைபாதைகள் பல இடங்களில் இருந்த சுவடே இல்லை. வேலை முடியும் ஒவ்வொரு இடத்திலும் சாலை மீண்டும் புதிதாக வரையப்பட்டாக வேண்டும். அந்த வரைபடத்தில் முதல் கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடுவிலிருந்து வாகனத் தடங்களை அளந்துகொண்டே வந்து மிஞ்சியதை நடைபாதைக்குத் தருவது இதுவரையிலான வழக்கம். இருபுறமும் உள்ள மதிற்சுவர்களிலிருந்து 1.8 மீட்டரை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியை வாகனங்களுக்குப் பகிர்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் அந்த வரைபடங்களை, ஒப்பந்தம் விடுவதற்கு முன்பே, அந்தந்த வார்டு மக்களின் பார்வைக்கு மாநகராட்சியும் மெட்ரோ நிறுவனமும் வைக்க வேண்டும்.